நம்பரைத் தேய்த்தது யார்

நவி மும்பையில் உள்ள கோபர்கைரனே போர்டு ரிப்பேர் ஒர்க்‌ஷாப்பில் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தரச் சொன்னார்கள். பேசச் சொல்லியிருந்தால் சும்மா பேசியிருப்பேன். எழுத உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது. சால்டரிங் அயர்ன் பிடித்தபோது ஒரு நாளும் தயங்காத கை. உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று தெரியும். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். டீ குடித்துக்கொண்டே கேட்டாலும் எனக்குக் கோபமில்லை.

ஹாட் ஏரை எத்தனை டிகிரியில் வைப்பது, ஃபிளக்ஸ் எவ்வளவு தடவுவது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் ஃபோனிலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது, போர்டின் மேல் கடுகு மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்த மூன்றுகால் சாமான்களைப் பற்றி. ஒரு தும்மலில் காணாமல் போய்விடும். முதுகில் இரண்டு எழுத்துக்குத்தான் இடம் இருக்கும். அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பது டிரான்சிஸ்டரா, இரண்டு டையோடா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க வேண்டும். என் வேலைக்காலம் முழுக்க அதில்தான் போனது. ஒரு நாள்கூடச் சலித்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது தாராவியில் ஒரு சேட் கடையில். அவர் தினமும் உல்லாஸ்நகரிலிருந்து ரயிலில் வருவார். சேர்ந்த புதிதில் ஒரு மூன்றுகாலின் முதுகில் இருந்த எழுத்தைப் பட்டியலில் தேடினேன். டையோடு என்று போட்டிருந்தது. டையோடு வாங்கிப் போட்டேன். புகை வந்தது. அதே இரண்டு எழுத்தை இன்னொரு கம்பெனி டிரான்சிஸ்டருக்கு வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சேட் திட்டவில்லை. "யே நாம் நஹீ ஹை பேட்டி, கர் கா நாம் ஹை" என்றார். அது பெயர் இல்லை மகளே, வீட்டில் கூப்பிடும் பெயர் என்று அர்த்தம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். எங்கள் மாட்டுங்கா கட்டடத்தில் கீழே நின்று "ராஜு" என்று கூப்பிட்டால் எத்தனை ஜன்னலிலிருந்து தலை எட்டிப் பார்க்கும்? அதற்குப் பிறகு முதுகில் இருக்கும் எழுத்தை மட்டும் நம்பி நான் எதையும் மாற்றியதில்லை. எந்த வீட்டு ராஜு, யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

இதுவரை பெருமை. இனி சொல்லப் போவது பெருமை இல்லை.

நான் ரிடையர் ஆகி வீட்டில் இருந்தபோது, ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் காதர் ஒரு போர்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். காதர் தாராவியில் பிறந்து வளர்ந்தவன், குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். லிஃப்ட் பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டான், எந்த நேரமும் ஒரு கால் வாசலில்தான் இருக்கும்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. செம்பூர்ல ஒரு பில்டிங். போன மாசந்தான் கான்ட்ராக்ட் எங் கைக்கு வந்துச்சு. நேத்துலருந்து லிஃப்ட் கதவு மூடவே மாட்டேங்கு."

"புது போர்டு வாங்கிப் போடறதுதானே?"

"ஆர்டர் போட்டாச்சு. வாறதுக்குப் பத்து நாளாவும். அங்க ஏழாவது மாடில ஒரு சார் இருக்காவக்கா. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணும். போன தடவ லிஃப்ட் நின்னப்ப பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேரு தூக்குனோம். நாலாவது மாடி திரும்புதோம், அவியளுக்கு மூச்சு வாங்கிட்டு. டாக்டரு இனிமே தூக்கவே கூடாதுன்னுட்டாவ."

"அவர் ஒரு தடவை போகாம இருந்தா?"

"அத நெனைக்கவே பயமா இருக்குக்கா" என்றான். முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

போர்டைப் பார்த்தேன். கதவை மட்டும் கவனித்துக்கொள்ளும் சின்ன போர்டு. கதவுக்கு நடுவில் யாராவது இருந்தால் சென்சார் ஒரு சிறிய மின்னழுத்தத்தை அனுப்பும். அதைக் கேட்டு, "ஆள் இருக்கிறது, மூடாதே" என்று உள்ளே சொல்வது ஒரு மூன்றுகால் சாமான். நல்ல போர்டில் இது நேர்மாறாக இருக்கும், யாரும் இல்லாதபோதுதான் மின்னழுத்தம் வரும். சென்சார் செத்தாலும் கதவு மூடாது. இது மலிவு போர்டு. அந்த மூன்றுகால் உள்ளே ஷார்ட் ஆகி, யாரும் இல்லாதபோதும் ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால்தான் கதவு மூடவில்லை. இவ்வளவும் கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

லென்ஸை வைத்து அதன் முதுகைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். யாரோ நம்பரைத் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

இது உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். அந்த நாளில் ரிப்பேர் கடைகளில் இது சர்வ சாதாரணம். நாம் தலையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததைப் பக்கத்துக் கடைக்காரன் திறந்து பார்த்து அரை மணியில் காப்பி அடித்துவிடக் கூடாது என்று, மாற்றிப் போட்ட சாமானின் நம்பரைத் தேய்த்துவிடுவார்கள். போர்டு திரும்ப நம்மிடமே வர வேண்டும் என்பதுதான் கணக்கு.

"எந்தப் படுபாவி பண்ணின வேலைடா இது" என்றேன். "ஆனா ஒண்ணு சொல்லணும், காதர். கைவேலை சுத்தம். சாண்ட் பேப்பர் போட்டா வட்டம் வட்டமா கீறும். இது பாரு, எல்லாக் கோடும் ஒரே பக்கமா, அவ்வளவு சன்னமா இருக்கு. பொறுமைக்காரன்."

"பொறுமைக்காரன் நாசமாப் போவ" என்றான் காதர்.

அதிர்ஷ்டம் ஒன்று இருந்தது. அந்த போர்டு இரண்டு கதவு லிஃப்டுக்காகச் செய்தது. முன்கதவுக்கு ஒரு பகுதி, பின்கதவுக்கு அச்சாக அதே மாதிரி இன்னொரு பகுதி. செம்பூர் கட்டடத்தில் பின்கதவே கிடையாது, அதனால் அந்தப் பகுதி யாரும் தொடாமல் இருந்தது. அங்கே அதே இடத்தில் உட்கார்ந்திருந்த மூன்றுகாலின் முதுகில் எழுத்து பளிச்சென்று இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டர்தான், ஆனால் அதன் வயிற்றுக்குள்ளேயே ரெசிஸ்டர்களும் வைத்த ரகம். பின்கதவுக்காரனை எடுத்து முன்கதவில் வைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். உங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பீர்கள்.

அப்போது காதரின் ஃபோன் அடித்தது. அந்த ஏழாவது மாடிக்காரரின் மனைவி லலிதா. அவர்கள் பாலக்காட்டுக்காரர்கள். என்னிடம் பேச வேண்டும் என்றார்.

"மாமி, கோவிச்சுக்கப்படாது. நேக்கு இதொண்ணும் தெரியாது. அந்தச் சின்னச் சாமானை அப்படியே எடுத்துட்டா லிஃப்ட் ஓடும்னு காதர் இப்போதான் சொன்னான். எடுத்துடுங்கோளேன். நாளைக்கு ஒரு நாள் ஓடினாப் போறும். பின்னே ஆற அமரப் பாத்துக்கலாம்."

காதர் சொன்னது நிஜம். அதை எடுத்தால் போதும், லிஃப்ட் ஓடும். ஆனால் ஆள் இருக்கிறது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். கதவு அது பாட்டுக்கு மூடும்.

"உங்க ஆத்துக்காரர் லிஃப்ட் வாசலைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"வாக்கர் வெச்சுண்டு மெதுவாத்தான் நடப்பார். அந்த இடுக்குல சக்கரம் மாட்டிக்கும். ஒரு நிமிஷம் ஆகும்."

"அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அந்தச் சாமான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கோ."

"சரி மாமி, உங்களை நம்பறேன்" என்று வைத்துவிட்டார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. நம்புகிறேன் என்று ஒருவர் சொன்ன பிறகு கையில் சாமான் கனக்கும்.

பின்கதவுக்காரனை எடுத்து முன்கதவில் வைத்தேன். சென்சாருக்குப் பதிலாக என் மேஜை சப்ளையிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தேன். ஆள் இருக்கிறது என்று காட்டும் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. பத்து தடவை செய்து பார்த்தேன். காதர் துண்டை எடுத்துப் போர்டைச் சுற்றத் தயாராகிவிட்டான்.

நான் போர்டைக் கொடுக்கவில்லை. ஒரு விஷயம் உறுத்தியது. பின்கதவுப் பகுதியில் மூன்றுகாலுக்குப் பக்கத்தில் 000 என்று எழுதிய ஒன்று இருந்தது. அது ரெசிஸ்டரே இல்லை, வெறும் இணைப்பு. முன்கதவில் அதே இடத்தில் 103 என்று, அதாவது பத்தாயிரம் ஓமுக்கு, ஒரு நிஜ ரெசிஸ்டர். மற்ற எல்லாம் அச்சு அசல் ஒன்று, இது மட்டும் ஏன் வேறு?

"அக்கா, அதான் வெளக்கு எரியுதுல்லா. இன்னும் என்னத்தப் பாக்கிய?"

"அங்க சென்சார்லேர்ந்து எவ்வளவு வோல்டேஜ் வருது, அளந்தியா?"

"அளந்தேன். பாதிதான் வருது. சென்சாரும் கேபிளும் ரொம்பப் பழசு. ஆனா வருதுல்லா."

சப்ளையைப் பாதிக்குக் குறைத்தேன். விளக்கு எரியவில்லை. அதாவது கதவுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிறார், சென்சார் தன் சக்திக்குச் சொல்கிறது, போர்டின் காதில் விழவில்லை. காதர் துண்டை மெதுவாக மடியில் வைத்தான். நான் கொடுத்தனுப்பியிருந்தால் கதவு யார் மேல் மூடியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பின்கதவிலிருந்த 000-ஐயும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். இப்போது போர்டு செய்த கம்பெனி வைத்தது வைத்தபடி. விளக்கு லேசாக மினுக்கி அணைந்தது. அப்படியென்றால் கம்பெனி போட்ட ஏற்பாட்டுக்கும் இந்தக் கிழட்டு சென்சாரின் குரல் கேட்காது. நம்பரைத் தேய்த்த அந்த ஆளுக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மூன்றுகாலையும் மாற்றி ரெசிஸ்டரையும் மாற்றியிருக்கிறார். படுபாவிதான், ஆனால் முட்டாள் இல்லை. அந்த மாதிரி ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஆசையாக இருந்தது. என்ன போட்டீர்கள், ஏன் போட்டீர்கள், எப்படித் தோன்றியது என்று கேட்க எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தது.

அந்த ரெசிஸ்டரிலிருந்து செம்புக் கோடு எங்கே போகிறது என்று பார்க்கப் போர்டைத் திருப்பினேன். பின்பக்கம் முன்பு கான்ட்ராக்ட் எடுத்தவரின் பழைய ஸ்டிக்கர் கோட்டை மறைத்தது. சூடு காட்டி ஓரத்தைத் தூக்கி உரித்தேன். அதன் அடியில் மெரூன் நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி.

அது நகப்பூச்சு.

சேட் கடையில் நான் ஒருத்திதான் பெண். நாங்கள் ரிப்பேர் செய்த போர்டு திரும்பி வந்தால் எங்கள் வேலைதான் என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டும் என்று சேட் சொன்னபோது, என் கைப்பையில் இருந்த மெரூன் நகப்பூச்சைத் தீக்குச்சியால் தொட்டு வைத்தேன். பிறகு அதுவே கடை வழக்கமாகிவிட்டது. சாண்ட் பேப்பர் முரடாகக் கீறுகிறது என்று நகம் தேய்க்கும் அரத்தால் நம்பரைத் தேய்க்க ஆரம்பித்ததும் நான்தான். ஒரே பக்கமாகத் தேய்ப்பேன். சேட் எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்படுவார்.

காலையிலிருந்து நான் திட்டியதும் என்னைத்தான், கைவேலை சுத்தம் என்று மெச்சியதும் என்னைத்தான். காதரிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம், அவனுக்குத் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டேன்.

போர்டை வாங்கி அந்தப் புள்ளியைப் பார்த்தான். "அப்ப அந்தப் படுபாவி நீங்கதானாக்கா?"

"நான்தான்."

"அப்பச் சொல்லுங்க, என்னத்தப் போட்டிய?"

அதுதான் விஷயம். எனக்கு நினைவில்லை. சேட் காலமாகிவிட்டார், கடை மூடிவிட்டது, நாங்கள் எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. அந்த போர்டு செம்பூர் லிஃப்டுடையது என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்காது. பையில் வரும், பையில் போகும். பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியக் கூடாது என்று நான் தேய்த்தது, கடைசியில் எனக்கே தெரியாமல் போயிற்று. செம்பூரில் ஒரு மனிதர் நாளைக் காலையில் வாசலைத் தாண்ட வேண்டும், விடை தெரிந்த ஒரே ஆள் நான், என் கையிலேயே அது இல்லை. இவ்வளவு வருஷ வேலையில் இதற்குப் பட்ட வெட்கம் வேறு எதற்கும் பட்டதில்லை.

வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க நேரமில்லை. மணி நாலு. யாரோ ஒரு அந்நியர் செய்த வேலையைப் படிப்பது மாதிரி என் வேலையையே படித்தேன். கம்பெனி சாமானின் வயிற்றில் ரெசிஸ்டர் இருக்கிறது, அது இந்த சென்சாருக்கு அதிகம். அதனால் இவள் வயிற்றில் ஒன்றும் இல்லாத சாதாரண டிரான்சிஸ்டரைப் போட்டிருக்கிறாள். உள்ளே ரெசிஸ்டர் இல்லாததால் அளவாக ஒன்றை வெளியே வைத்திருக்கிறாள். அந்த 103 அதற்குத்தான். சரி, சாதாரணத்தில் எது? கடையில் நாங்கள் ரீல் ரீலாக வாங்கி வைத்திருந்த சாதாரண ரகம் ஒன்றே ஒன்றுதான். எல்லா வியாதிக்கும் அதையே கொடுக்கிறாய் என்று சேட் என்னைக் கேலி செய்வார். அந்த ரகம் இன்றைக்கும் என் வீட்டு டப்பாவில் இருக்கிறது.

எடுத்து வைத்தேன், 103-ஐயும் அதன் பழைய இடத்தில் வைத்தேன். பாதி மின்னழுத்தத்தில் விளக்கு நன்றாக எரிந்தது. இன்னும் குறைத்தேன், எரிந்தது. முழுதாக எடுத்ததும் அணைந்தது. ஹேர் டிரையரால் சுடவைத்து மறுபடி எல்லாம் செய்து பார்த்தேன். காதர் எழுந்து நின்றான், ஆனால் துண்டை எடுக்கவில்லை. "போலாமாக்கா?" என்று என்னிடம் கேட்டான். காலையில் கேட்டிருக்க மாட்டான்.

அன்று சாயங்காலமே செம்பூர் போனோம். போர்டை மாட்டி, ஒவ்வொரு மாடியிலும் கதவு மூடும்போது என் கையை நீட்டினேன், குடையை நீட்டினேன், காதர் தன் காலை நீட்டினான். எல்லாத் தடவையும் கதவு திறந்துகொண்டது. அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடி போய் ஏழாவது மாடியில் நின்றேன்.

அவர் வாக்கரோடு வந்தார். ஒல்லியாக, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி. லலிதா பின்னால் பையோடு. வாசலில் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொண்டது. கதவு மூட வந்தது, திறந்துகொண்டது. அவர் சக்கரத்தைத் தூக்க முயன்றார். கதவு மறுபடி வந்தது, மறுபடி திறந்தது.

"இந்தக் கதவுக்கு என்னைக் காட்டிலும் பொறுமை ஜாஸ்தியாக்கும்" என்றார் அவர், உள்ளே போய் நின்றுகொண்டு. கதவு மூடியது. லிஃப்ட் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.

முந்தின நாள் போர்டை மாட்டுவதற்கு முன்னால் அதன் பின்பக்கம் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் எழுதினேன். என்ன சாமான், அதன் முழு நம்பர், 103 வேண்டுமென்றே போட்டது, சென்சாரின் குரல் சன்னம், கம்பெனி சாமானைத் திரும்பப் போடாதே. காதர் எட்டிப் பார்த்து, "பேரையும் எழுதுங்க" என்றான். "அதான் புள்ளி இருக்கே" என்றேன்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். இந்த ஊரில் லிஃப்டிலும், தையல் மெஷினிலும், ஆஸ்பத்திரி மானிட்டரிலும் என் மெரூன் புள்ளி வைத்த போர்டுகள் இன்னும் எத்தனை ஓடுகின்றன என்று எனக்குத் தெரியாது. என்றைக்காவது ஒன்று உங்கள் மேஜைக்கு வரும். நம்பர் இருக்காது. படுபாவி என்று திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். திட்டி முடித்ததும் பக்கத்து ரெசிஸ்டரைப் படியுங்கள். என்ன போட்டேன் என்று என்னைக் கேட்டால் எனக்கு நினைவிருக்காது. ஆனால் கூப்பிடுங்கள், வருகிறேன். நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.